அண்ணன் பங்கு மாத்திரை

கல்லீரலில் கொழுப்பு படியும் நோய்க்குப் புது மருந்து ஒன்றை, உடம்புக்குக் கெடுதல் செய்கிறதா என்று ஆட்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள் எனக் கேள்விப்பட்டு, டென்மார்க்கின் யூட்லாண்டுக்காரர்களான அண்ணன் தம்பி இருவருமே மருத்துவமனைக்குப் போனார்கள். தம்பி ப்ரேபனைச் சேர்த்துக்கொண்டார்கள். அண்ணன் ஏகோனுக்குக் கல்லீரல் ஏற்கெனவே தழும்பேறிச் சுருங்கிவிட்டதாம். ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். இது எந்த ஊர் நியாயம்? எவனுக்கு மருந்து அவசரமோ அவனுக்கே இல்லையாம்.

ப்ரேபன் சும்மா இருப்பானா? சேர்ந்து பன்றிப் பண்ணை நடத்தியவர்கள், எதையும் சரிபாதி பிரித்தே பழகியவர்கள். நாளுக்கு ஒரு மாத்திரை. இன்றைக்குத் தனக்கு, நாளைக்கு அண்ணனுக்கு. குப்பியைத் திருப்பிக் கொடுக்கும்போது போடில் என்கிற நர்ஸ் மிச்சத்தை எண்ணுவாள். எண்ணிக்கை எப்போதும் சரியாக இருக்கும்.

"உங்கள மாதிரி ஒழுங்கா முழுங்கறவங்க யாருமில்ல ப்ரேபன்," என்பாள். அவனும் வெட்கமில்லாமல் சிரித்து வைப்பான்.

ஏகோனுக்குப் புது மருந்து கிடைத்த தெம்பு. தன் பழைய டாக்டரிடம் போவதையே விட்டுவிட்டான். குளிர்காலம் முடிவதற்குள் அவன் கண் மஞ்சளாகி, வயிறு பானையாக வீங்கி, அதே மருத்துவமனையில் கிடந்தான். ப்ரேபன் போடிலிடம் ஓடி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "என்ன காரியம் பண்ணிட்டீங்க. உங்க குப்பில இருந்தது மருந்தா, வெறும் மாவான்னு எனக்கே தெரியாதே. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காகப் பாதிப் பேருக்கு மாவுதான். யாருக்கு எதுன்னு இங்க யாருக்கும் சொல்ல மாட்டாங்க."

"இப்பக் கேட்டாச் சொல்வாங்களா?"

"உயிருக்கு ஆபத்துன்னா சொல்வாங்க. டாக்டரக் கேக்கச் சொல்றேன். மருந்தா இருக்கணும்னு வேண்டிக்கோங்க."

"அது மருந்துன்னா நான்தானே அவனுக்கு வெஷம் குடுத்தவன்?"

"மருந்தால வந்ததுன்னா, நிறுத்தினதும் ஓரளவு தேறலாம். இல்லேன்னா நோய் தானா முத்திருச்சுன்னு அர்த்தம். மாத்துக் கல்லீரல் வைக்கவும் அவர் உடம்பு தாங்காது."

தேவாலயப் பக்கமே போகாத ப்ரேபன் நடைவழியில் நின்று வேண்டினான். நானே நஞ்சு வைத்தவனாக இருக்கட்டும், கடவுளே, நானே பாவியாக இருக்கட்டும். யாருக்கு வரும் இப்படியொரு வேண்டுதல்?

மதியம் போடில் வந்தாள். 

"மாவுதான் ப்ரேபன்."

"நல்லாக் கேட்டீங்களா?"

"ரெண்டு தடவ கேட்டேன்."

"அப்ப எத நிறுத்தறது?"

 அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

உள்ளே ஏகோன் கண் திறந்தான். "மூஞ்சிய ஏன்டா இப்படி வச்சிருக்க, பன்னி வித்துப் போகாத மாதிரி? நேத்தே என் மொற. மறந்துட்டியா?"

 ப்ரேபன் கோட்டுப் பையிலிருந்து குப்பியை எடுத்து, ஒரு மாத்திரையை அண்ணனின் நாக்கில் வைத்து, தலையைத் தாங்கித் தண்ணீர் புகட்டினான்.