மூலை வைத்த அஞ்சு ரூபாய்

அணிசேரா நாடுகளின் மாநாடு கொழும்பில் நடந்த வருடம், அதன் ஞாபகமாக வெளியிட்ட ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று ஞானசேகரத்தாரின் கைக்கு வந்தது. அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கரான அவர், நாட்டுக் காசைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நம்பியவர். உலகமே நம்மைத் திரும்பிப் பார்த்ததற்கு அத்தாட்சி என்று அதை மூன்று நாள் சட்டைப்பையில் தடவிக்கொண்டு திரிந்தார். நாலாம் நாள் திருகோணமலை மீன்சந்தையில் மீன்காரன் முனாப்பிடம் பாரை மீன் துண்டொன்று நிறுக்கச் சொல்லி அதை நீட்டினார்.

முனாப் புரட்டிப் பார்த்தான். வட்டமாக இருக்கவேண்டிய காசுக்கு மூலைகள் இருந்தன. இரும்புக் கடையில் கேட்டுப் பார்க்கச் சொன்னான்.

ஞானசேகரத்தார் நிமிர்ந்து நின்று தொடங்கினார். மத்திய வங்கி எப்படி வந்தது, சுதந்திரத்துக்குப் பின்னும் பதினைந்து வருடம் காசில் குந்தியிருந்த வெள்ளைக்கார ராசாவின் தலையை எப்படி இறக்கினோம் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள், பாரை வேறொருவரின் பைக்குள் போய்விட்டது.

“சேர், எங்கட வாப்பா வள்ளம் வாங்க நூறு ரூபா நோட்டாச் சேர்த்து வச்சிருந்தவர்,” என்றான் முனாப். “எழுபதாம் ஆண்டு ஒருநாள், அது செல்லாதெண்டு அரசாங்கம் சொல்லிப்போட்டுது. அந்த ராசாட தலைக் காசு எங்களுக்கு ஒருநாளும் அப்பிடிச் செய்யல்ல.”

ஞானசேகரத்தார் காசைச் சட்டையில் துடைத்து மறுபடியும் நீட்டினார். முனாப்பே இரங்கி, அந்தக் காசுக்கு ஒரு றாத்தல் சாளை மீன் கொடுத்தான்.

தேயிலை ஏற்ற வந்த கப்பலின் மாலுமி ஒருவனுக்கு முனாப் அதை இருபது ரூபாய்க்குக் கொடுத்துவிட்டான் என்ற கதை மறுநாளே கந்தோருக்கு வந்தது. ஞானசேகரத்தார் தன் பதினைந்து ரூபாய் நட்டத்தைக் காகிதத்தில் இரண்டு தரம் கணக்குப் போட்டுப் பார்த்தார். வங்கியில் சொல்லிவைத்து அதே நாணயத்தில் பத்து வாங்கிக்கொண்டு, சப்பாத்தைத் துடைத்துப் போட்டு, ஒரு சனிக்கிழமை இறங்குதுறைக்குப் போனார்.

மாலுமி ஒருவன் நின்றான். காசு அவனுக்குப் பிடித்துவிட்டது. பணப்பையை எடுத்தான். சரித்திரம் சொல்லாமல் விற்பது நாட்டுக்கு அவமரியாதை என்று ஞானசேகரத்தாருக்குப் பட்டது. ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். மத்திய வங்கி வரைக்கும் வரவே, அவனைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகு ஊதியது. அவன் மரியாதையாகக் கைகுலுக்கி, ஒரு சிகரெட்டையும் கொடுத்துவிட்டுப் படகில் ஏறிவிட்டான்.

ஞானசேகரத்தார் புகைப்பதில்லை. சிகரெட்டை விரலிடுக்கில் பிடித்தபடி வீட்டுக்கு வந்து, கப்பல்காரருக்குப் படிப்பறிவு போதாது என்று மனைவி கமலேஸ்வரியிடம் சொன்னார்.

“ஓம்,” என்றாள் அவள். “இண்டைக்குச் சாளையும் இல்லையோ?”