மிச்சம் வைக்காமல்

துணிக்கடைக் கழிப்பறையில் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுப் பையைத் துழாவினாள் பில் போடுகிறவள். கண்ணாடியைக் காணோம். பல்லில் கீரை சிக்கியிருக்கிறது என்று பக்கத்துக் கவுண்டர்காரி வாங்கிக்கொண்டு போனவள்தான், திருப்பித் தரவில்லை. தொண்டையின் மகிமையால் அவளுக்குக் கடை வைத்த பெயர் சைரன்.

முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் பிறகு இவளுடைய மூத்திரப்பை வேலைநிறுத்தத்தில் இருக்கிறது. நிரம்பினாலும் தானாக இறங்காது. மெல்லிய குழாயை அவளே உள்ளே விட்டு இறக்கவேண்டும். தொடைகளுக்கு நடுவே கண்ணாடி வைத்துப் பார்த்தே பழகியவள். கடையில் யாருக்கும் தெரியாது. போன மாதம் அவசரத்தில் பாதியோடு எழுந்து வந்து, தேங்கியது கெட்டு, காய்ச்சலில் கிடந்தாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகத்துக்கு ஆபத்து என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

குழாய் உறைகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். விரலால் தடவி இடம் பார்த்து, குழாயை விட்டாள். சொகுசாகப் போயிற்று. ஒரு சொட்டு வரவில்லை. பிள்ளை வரும் வழியில் மூத்திரத்தைத் தேடினால் எங்கிருந்து கிடைக்கும்?

உருவப் போன கை நின்றது. உருவினால் அடுத்ததும் அங்கேயேதான் போய் நிற்கும்.

"நீ அங்கயே காவலுக்குக் கிட" என்று அதை விட்டுவிட்டுப் புதுக் குழாயைப் பிரித்தாள். இருந்தது அது ஒன்றுதான். முதல் குழாய்க்குச் சற்று மேலே விரலை வைத்து, மூச்சை விட்டபடி மெதுவாகச் செலுத்தினாள்.

கொட்டியது. காவல்காரனை உருவிக் குப்பையில் போட்டாள்.

கதவு இடிபட்டது. சைரன்தான்.

"என்னடி, உள்ள குடித்தனமா நடத்துற? மேனேஜர் கத்துறாரு. வரிசை வாசல் வரைக்கும் நிக்குது."

"நிக்கட்டும்."

"பாதியில வாடி. மீதிய அப்புறம் போய்க்கலாம்!"

பாதி என்றதும் இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வரமாட்டேன்! எனக்குத் தானா வராதுடி. குழாய் விட்டு எடுத்துக்கிட்டிருக்கேன். மிச்சம் வெச்சா காய்ச்சல்ல கெடந்து சாகணும். போய்ச் சொல்லு."

சைரன் வாயடைத்து நிற்கும் அதிசயத்தை இன்றுதான் காதால் கேட்கிறாள். பிறகு கடை அதிர்ந்தது.

"சார்! அவ மூத்திரத்த முழுசா முடிச்சிட்டுத்தான் வருவா! அவசரம்னா நீங்க போய் பில் போடுங்க!"

மானம் போயிற்று என்று தலையில் கைவைக்க நினைத்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. வேகம் குறைந்ததும் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தாள். வயிறு குலுங்கக் குலுங்க, இன்னும் கொஞ்சம் வந்துகொண்டேயிருந்தது.