முன்வரிசை வேர்க்கிறது

ஷூலானுக்கு வேர்க்கத் தொடங்கினால் கார்ட்டியர்வில் பகுதி முழுவதும் யன்னல் கண்ணாடிகளில் ஆவி படியும். இதை மிகை என்பவர்கள், தை மாதத்து மொன்றியலில், மாதவிடாய் நின்றுகொண்டிருக்கும் ஐம்பத்தொரு வயதுச் சீனத்திக்குப் பக்கத்தில் ஒருபோதும் நின்றிருக்கமாட்டார்கள். அடிவயிற்றில் அடுப்பு மூளும். நெஞ்சு, கழுத்து, காது என்று ஏறும். உச்சந்தலையில் கேத்திலை வைத்தால் ஊருக்கே தேநீர் ஊற்றலாம்.

வீட்டில் என்றால் பல்கனியில் போய் நிற்பாள். சிக்கல் விசிறி நடனத்தில் வந்தது.

சமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் ஆடும் சீனப் பெண்கள் குழுவில் முன்வரிசை நடு இடம் அவளுடையது. பின்னால் நிற்பவர்கள் அவளைப் பார்த்தே ஆடுவார்கள்; அவள் தும்மினால் அவர்களும் தும்முவார்கள். அன்று ஒத்திகையில், விசிறிகள் தாமரையாக விரியவேண்டிய இடத்தில் அடுப்பு மூண்டது. ஷூலான் சட்டைக் கழுத்தை இழுத்துப் பிடித்து, சிவப்பு விசிறியால் உள்ளே படபடவென்று விசிறினாள். பின்வரிசைகளும் அப்படியே கழுத்தை இழுத்து விசிறின. தாமரைக்குளம் மீன்கடையாகிவிட்டது.

தன் வயதை எவருக்கும் சொல்லாத குழுத் தலைவி பான் அக்கா பாட்டை நிறுத்தினார். ஷூலானை மூலைக்குக் கூட்டிப்போய், கறுப்பு வேர்கள் நிறைந்த ஒரு மருந்துப் பொட்டலத்தைக் கையில் வைத்தார். இதைக் காய்ச்சிக் குடி, சுடுதண்ணீர் தவிர வேறொன்றும் தொடாதே, காற்றுப் படாமல் இரு, குணமாகும்வரை கடைசி வரிசையில் நில் என்றார். பனிக்கால விழாவுக்கு ஊரே வரும், நம் வயதை ஊருக்குக் காட்டவேண்டாம் என்றும் சொன்னார். ஷூலானின் கணவரும் ஆமோதித்தார். அவர் தன் சாவியைத் தொலைத்தால்கூட அது அவள் வயதின் கோளாறு.

அவள் காய்ச்சினாள், மணந்து பார்த்தாள், பின்வளவில் ஊற்றினாள். அந்த இடத்தில் விழப் பனிக்கு இன்றைக்கும் பயம்.

குழுவில் ஒரேயொரு யாழ்ப்பாணத்தி கிளி. கார்டறி என்கிற குழந்தைகள் காப்பகத்தின் சமையலறையில் ஷூலானோடு வேலை செய்பவள். இருவரும் கதைக்கும் பிரெஞ்சைக் கேட்டால் பிரெஞ்சுக்காரர் அழுவார்கள். ஆகவே தமிழிலேயே சொல்லிவிடலாம்.

"அப்ப நீ பின்னுக்குப் போறியோ?" என்றாள் கிளி, கரட் சீவிக்கொண்டு.

"போகமாட்டன். வேர்வை வந்தால் வரட்டும். அந்த இடம் என்ரை."

கிளி கத்தியைக் கீழே வைத்தாள். "எனக்கும் உதுதானடி. ரெண்டு வருசமாய். பிரிட்ஜுக்குள்ளை தலையை விட்டுக்கொண்டு, தயிர் தேடுறன் எண்டு அவருக்குச் சொல்லுறன்."

விழா நாளில் திறந்தவெளி மேடை. சொன்ன வணக்கம் உறைந்து காலடியில் விழுந்து உடையும் குளிர். பட்டுச் சட்டைக்கு மேல் பஞ்சுக் கோட்டும், கீழே இரண்டு நீளக் காற்சட்டைகளுமாகக் குழு தலையணைக் கடைபோல நின்றது. கோட்டோடேயே ஆடலாம் என்றார் பான் அக்கா. அதற்குள் ஷூலான் முன்வரிசை நடுவில் போய் நின்றுவிட்டாள். பின்னால் போகும்படி அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கு அம்பத்தொரு வயசு, அக்கா. வேர்க்குது. இஞ்சைதான் ஆடப்போறன்."

கோட்டைக் கழற்றி எறிந்தாள். பாட்டுத் தொடங்கியது. சரியாகத் தாமரை விரியும் இடத்தில் அடுப்பு மூண்டது. இந்த முறை அவள் மறைக்கவில்லை. சனம் பார்க்கக் கழுத்தை இழுத்து, தாளத்தோடு விசிறினாள். தலையிலிருந்து எழும்பிய ஆவியில் குளிர்காயக் கடற்பறவைகள் வந்தன.

முதலில் கிளியின் கோட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று, பிறகு நாலைந்து. விசிறிகள் கழுத்துக்குள் புகுந்தன. ஷூலான் திரும்பிப் பார்த்தாள். ஒருத்தியும் அவளைப் பார்த்து ஆடவில்லை. எல்லோருக்கும் கண் மூடியிருந்தது, முகம் சிவந்திருந்தது, அப்பாடா என்றிருந்தது.

மேடை ஓரத்தில் பான் அக்காவின் நெற்றியிலும் ஏதோ மினுங்கியது. அது பனியில்லை. அவர் கை கோட்டின் சிப்பைத் தொட்டது, நின்றது, பிறகு ஒரே இழுவையில் கீழே போனது. உபரி விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டு நேரே மேடை நடுவுக்கு வந்தார்.

"பக்கத்திலை நில்லுங்கோ, அக்கா," என்றாள் ஷூலான், விசிறியை நிறுத்தாமல். "நடு என்ரை."