வெள்ளைப் பசையும் கல்யாணக் காரும்

அம்சவல்லியைக் கோயிலுக்குத் தன் காரில்தான் ஏற்றிப் போவேன் என்று மாடசாமி ஒற்றைக்காலில் நின்றான். பின்னே, பெண்ணுக்குத் தாய்மாமன் அவன் அல்லவா! பெண்ணின் அப்பா முருகையாவுக்கோ அந்தக் காரைக் கண்டாலே ஆகாது.

"மச்சான், உங்க காரு மேட்டுல படுத்துக்கும்லா. முகூர்த்தம் தவறிடும். நான் காய்கறி லோரிக்குச் சொல்லிட்டேன்."

காய்கறி லோரியில் கல்யாணப் பெண்ணா? மாடசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் முருகையா சொன்னது பொய்யும் இல்லை. காரில் தீப்பொறி கிளப்பும் இக்னிஷன் மோடூல், தீப்பெட்டி அளவு கறுப்புச் சாமான், செத்துப்போயிருந்தது. மாடசாமி முந்தின வாரமே பிரிஞ்சாங் டவுன் கடையில் புதிது வாங்கி வந்தான். பழையதைக் கழற்றினால் அடியில் வெள்ளையாக ஏதோ அப்பிக் கிடந்தது. சீ, என்ன அழுக்கு! அவன் தேயிலை ஆலையில் ஃபிட்டர். அங்கே மெஷினில் ஒரு பொட்டு கிரீஸ் வெளியே தெரிந்தாலும் தேயிலையில் வாடை ஏறிவிடும் என்று துரை வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். அந்தப் பழக்கத்தில் பளபளவென்று துடைத்துவிட்டுப் புதியதை முடுக்கினான். கூடவே வந்த குட்டி டியூபை வேண்டாத சாமான் என்று ஜன்னலில் போட்டுவிட்டான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் ஓட்டிப் பார்த்தான். வீடிருக்கும் கோலா தெர்லாவிலிருந்து திரிங்காப் வரை கார் சமர்த்தாக ஓடியது. அதற்கப்புறம் கோயிலுக்கு ஏறும் மேட்டில் பொசுக்கென்று நின்றது. ஆறவிட்டால் கிளம்புகிறது, சூடேறினால் மறுபடி நிற்கிறது. மாடசாமிக்கு அழுகையே வந்துவிட்டது. தோளில் தூக்கி வளர்த்த பெண்ணை முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் அனுப்பிவிட்டு வேடிக்கை பார்ப்பதா?

நின்று நின்று பிரிஞ்சாங் போய்ச் சேர்ந்தான். கடைக்காரச் சீனர் எடுத்த எடுப்பில், டியூபிலிருந்த வெள்ளை மருந்தைப் பூசினாயா என்று மலாயில் கேட்டார். பூசாவிட்டால் மோடூலின் சூடு அடியிலிருக்கும் உலோகத்துக்கு இறங்காதாம். உள்ளேயே வெந்து நின்றுவிடுமாம். மருந்து தனியாகக் கிடைக்காது என்றும் கையை விரித்தார்.

வீட்டுக்கு வந்தால் ஜன்னலில் டியூபைக் காணோம்.

"பாஞ்சாலை! இங்க இருந்த டியூப் எங்கடி?"

"அந்தக் களிம்பா? கொழுந்தெடுக்கப் போயிப் போயி குதிகாலெல்லாம் வெடிப்பு. தெனமும் பூசறேன், ஒண்ணும் கேக்கல. என்னாத்த மட்ட மருந்து வாங்கிட்டு வந்தீங்களோ!"

"அடிப்பாவி! அது காருக்குடி!"

பாஞ்சாலை தன் காலைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வேணும்னா கால்ல இருக்கறத வழிச்சுக்குங்க."

அவள் எடுத்து வந்த டியூபின் வாலைச் சுருட்டிச் சுருட்டி அமுக்கியதில் ஒரு பட்டாணி அளவு வந்தது. மோடூலுக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பி முடுக்க அது போதுமாயிருந்தது. பொழுது சாய்வதற்குள் இந்தக் கதை தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் அம்சவல்லி லோரிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாமா காருலதான் வருவேன்" என்று விறுவிறுவென ஏறி உட்கார்ந்துவிட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று முருகையா லோரியில் பின்னாலேயே வந்தான். திரிங்காப் தாண்டியது. மேடு வந்தது. மாடசாமி முருகனைக் கூப்பிட்டபடியே மிதித்தான். கார் நிற்கவே இல்லை!

கோயில் வாசலில் பெண் இறங்கிவிட்டாள். லோரியைத்தான் காணோம். தாரை வார்க்க அப்பா வேண்டுமே என்று குருக்கள் பதறினார். மாடசாமி காரைத் திருப்பிக்கொண்டு இறங்கினான். பாதி மேட்டில் லோரி ஆவி கக்கிக்கொண்டு நின்றது. முருகையா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஏறுங்க மாப்பிள்ள" என்று கதவைத் திறந்தான் மாடசாமி. சிரிப்பை அடக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும்!

கார் அதே மேட்டில் இரண்டாம் தடவையும் ஏறியது. கோயில் மேளம் காதில் விழுந்தபோது முருகையா மெல்லக் கேட்டான்.

"மச்சான், அந்த வெள்ள மருந்த லோரிக்கும் பூசலாமா?"

"தாராளமா. உங்க அக்கா பாஞ்சாலை கால்ல இன்னும் கொஞ்சம் இருக்கு, போயிக் கேளுங்க."