பின்னுக்குக் குடு

எங்கள் கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் பழைய மாணவர் சங்கத்தின் பாரிஸ் கிளையிலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வரும். கடிதம் எழுதுவதற்கென்றே, பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லாச்சப்பலில், எங்களுக்கு ஒரு செயலாளரும் ஒரு உப செயலாளரும் இருக்கிறார்கள். உதைபந்தாட்ட அணியும் இருக்கிறது. அதில் நான் முன்கள ஆட்டக்காரன். பெயர் றொஜர். 2005இல் சேர்ந்தேன். 2014 வரை ஒரு கோல்கூட அடித்ததில்லை.

சிரிக்காதீர்கள். எனக்கு அடிக்கத் தெரியாமல் இல்லை. அடிக்க விட்டால்தானே!

எங்கள் பயிற்றுநர் ஞானசுந்தரம் அண்ணை. 1979இல் கல்லூரி அணியில் விளையாடிய காலத்தில், ஒருநாள் எல்லோரும் முன்னுக்கு ஓடிக் கோல் அடிக்கப் போய், பதிலுக்கு ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்தார்களாம். அந்த ஆறு கோலையும் அவர் இன்னும் மறக்கவில்லை. எங்களையும் மறக்க விடவில்லை.

“பந்து எங்கடை காலிலை இருக்குமட்டும் எங்களுக்குக் கோல் விழாது,” என்பார். “அடிச்சால் பந்து போயிடும். போன பந்து திரும்பி வருமெண்டு ஆர் கண்டது?”

சங்க அறையின் வெள்ளைப் பலகையில் அவர் கீறுகிற அம்புக்குறிகள் எல்லாம் எங்கள் கோலையே பார்த்துக்கொண்டு நிற்கும். தாக்குதல் பயிற்சி என்றும் ஒன்று உண்டு. எதிரணிக் கோலுக்கு முன்னால் நான் பந்தை வாங்கி, திரும்பி, பின்னுக்கு நிற்கிற நீக்கிலாசிடம் கொடுக்க வேண்டும். அவன் அதை எங்கள் கோல்காப்பாளர் யதுர்ஷனிடம் கொடுப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இருநூறு தடவை. மூலை உதை கிடைத்தாலும் பந்து யதுர்ஷனிடம்தான் போகும். எதிரணிக்காரர் முதலில் ஆத்திரப்படுவார்கள். பிறகு அலுத்துப்போய் வேலை, விசா என்று தங்களுக்குள் கதைக்கத் தொடங்குவார்கள். ஆட்டம் பூச்சியத்துக்குப் பூச்சியம். அதற்குப் பிறகு வரும் பெனால்டியைப் பின்கள ஆட்டக்காரர்கள்தான் அடிப்பார்கள். முன்னுக்கு விளையாடுகிறவர்கள் உணர்ச்சிவசப்படுவார்கள் என்பது அண்ணையின் கருத்து.

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் ஒருமுறை எழுந்து கேட்டேன். “அண்ணை, ஒரு ஆட்டத்திலை ஒருக்காவாவது அடிச்சுப் பாக்கலாமே?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். செயலாளர் பேனையை எடுத்தார். என் கோரிக்கையை ஆராய மூன்று பேர் கொண்ட உபகுழு அமைக்கப்பட்டது. அது இரண்டு வருடம் ஆராய்ந்து, கோல் அடிப்பது கொள்கையளவில் நல்லது, ஆனால் அதற்கான காலம் இன்னும் கனியவில்லை என்று அறிக்கை தந்தது. அறிக்கை ஏகமனதாக நிறைவேறியது. நானும் கையை உயர்த்தினேன். வேறென்ன செய்ய?

2014இல் எனக்கு முழங்கால் வீங்கியது. செப்டெம்பரில் சத்திரசிகிச்சை, அதற்குப் பிறகு பந்துப் பக்கமே போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். யூலையில் பாரிஸுக்குப் பக்கத்தில் லா கூர்னெவில் நடந்த சுற்றுப்போட்டிதான் என் கடைசி. கல்லூரிகளின் பழைய மாணவர்கள் அணிக்கு ஏழு பேராக விளையாடுவது அது. அதில் ஒரு கோல். ஒன்றே ஒன்று. இதைக் கேட்டு மாதாவுக்கு மெழுகுதிரிகூடக் கொளுத்தினேன்.

மனைவி ஷிரோமி முதல்முறையாகப் பார்க்க வந்தாள். “ஒம்பது வருசமா ஞாயிற்றுக்கிழமையிலை வீட்டிலை நிக்காத மனுசன் அங்கை அப்பிடி என்னதான் செய்யிறார் எண்டு பாப்பம்,” என்றாள்.

ஒரு கோலும் அடிக்காமல், ஒரு கோலும் வாங்காமல், பெனால்டியாலேயே வென்று இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். அதிலும் கடைசி நிமிடம் வரை பூச்சியத்துக்குப் பூச்சியம். எதிரணியின் கோல்காப்பாளருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. மனிதர் கோலை விட்டு விலகி ஓரமாகக் குந்திவிட்டார். மற்றவர்கள் அலுப்பில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து நீக்கிலாஸ் தவறுதலாகப் பந்தை முன்னுக்குத் தட்டிவிட்டான். அது நேரே என் காலடிக்கு வந்தது.

எனக்கு முன்னால் வெறும் கோல். பத்து அடி தூரம்கூட இல்லை. காலைப் பின்னுக்கு இழுத்தேன். ‘பின்னுக்குக் குடு’ என்று வெளியிலிருந்து அண்ணையின் சத்தம் வரும் என்று தெரியும். வந்தது.

“அடியடா றொஜர்! அடி!”

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. ஞானசுந்தரம் அண்ணைதான். கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டார். கண்ணில் தண்ணீர். அவருக்கும் முப்பத்தைந்து வருடமாக ஓர் ஆசை உள்ளே கிடந்திருக்கிறது, பாவம்.

நான் அடித்தேன். மாதா மேல் சத்தியமாக, என்னிடம் இருந்த பலம் முழுவதையும் கூட்டித்தான் அடித்தேன். ஆனால் கால் பந்தில் படுவதற்கு முன்னமே உடம்பு திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லை, அதுவாகத் திரும்பியது. பந்து நீக்கிலாசின் காதை உரசிக்கொண்டு எங்கள் பக்கம் பறந்தது. கோலில் யதுர்ஷன் இல்லை. அண்ணையின் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதும், கோல் விழுந்துவிட்டது என்றே நினைத்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடு மைதானத்துக்கு ஓடி வந்திருந்தான். பந்து பிளாஸ்ரிக் புல்லில் துள்ளித் துள்ளி உருண்டு எங்கள் கோலுக்குள் போய் விழுந்தது.

“கோல்! அடித்தவர், பத்தாம் இலக்க ஆட்டக்காரர் றொஜர்!” என்று ஒலிபெருக்கி முழங்கியது. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை முடித்துவைத்தார்.

நான் அப்படியே புல்லில் இருந்துவிட்டேன். அண்ணை பக்கத்தில் வந்து குந்தினார். தன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார், குரலும் பழைய குரலாகிவிட்டது.

“பாத்தியே தம்பி?” என்றார். “அடிக்க வெளிக்கிட்டால் இதுதான் நடக்கும்.”

வீட்டுக்குப் போகும்போது ஆர்.இ.ஆர் ரயிலில் ஷிரோமி மெதுவாகக் கேட்டாள். “அந்த மனுசன் அடியெண்டுதானே கத்தினது. கோலும் வெறுமனே கிடந்தது. பிறகேன் அப்பா திரும்பினனியள்?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது வருடமாக அண்ணை விடுகிறார் இல்லை, அண்ணை விடுகிறார் இல்லை என்றுதான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். இன்றைக்கு அவர் விட்டார்.

என் உடம்புதான் விடவில்லை.