அறுத்த கயிறு

வெல்டிங் பட்டறை அக்காவுக்கு வந்த கோபத்துக்குத் தம்பியை அலையிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். கூடப்பிறந்த பாவம், விட முடியவில்லை.

அவனுக்குப் பட்டப்பெயரே காந்தம். லீவு நாளென்றால் மெட்டல் டிடெக்டரும் கையுமாகக் கடலில் இறங்கிவிடுவான். ஊரார் தொலைத்த மோதிரமெல்லாம் இவனுக்காகவே மணலுக்குள் காத்துக் கிடக்கிறதாம். மனைவிக்கு ஏழு மாதம். "அண்ணி, நீங்க கூடப் போனா எனக்கு நிம்மதி" என்று அவள்தான் அனுப்பியிருந்தாள். கரையில் வைத்தே அக்கா சத்தியம் வாங்கினாள்: இடுப்பளவுக்கு மேல் போகக் கூடாது, அலைக்கு முதுகு காட்டக் கூடாது, உடம்பில் எதையும் கட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையை ஆட்ட என்ன செலவு?

தண்ணீருக்குள் அவன் குனிந்தபோது அலை சட்டையைத் தூக்கியது. உள்ளே இடுப்பைச் சுற்றி நைலான் கயிறு. மறுமுனையில் மண்வாரி, அவளே பற்றவைத்துக் கொடுத்த மூன்று கிலோ இரும்பு. போன மாதம் ஒன்றைக் கடல் கொண்டுபோய்விட்டதால் காந்தம் செய்த ஏற்பாடு இது. "டேய், கயித்த அவுத்துப் போடுடா" என்று கத்தினாள். காதில் ஹெட்போன். செவிடன் காதில் ஊதின சங்குதான். முதுகு வேறு கடலைப் பார்த்து இருந்தது.

பெரிய அலை ஒன்று அவனை மடக்கிப் போட்டது. மண்வாரி மணலில் குத்தி நின்றுகொண்டது. கயிறு அவனை எழவிடவில்லை. அக்கா ஓடிப்போய், அவன் தொடையில் கட்டியிருந்த உறையிலிருந்து கத்தியை உருவி, கயிற்றை அறுத்து, காலரைப் பிடித்துக் கரைக்கு இழுத்து வந்தாள்.

உப்புத்தண்ணீரைக் கக்கி முடித்ததும் அவன் கேட்டது, "மண்வாரி எங்கக்கா?"

விட்டாள் ஒரு அறை.

"அவகிட்ட சொல்லிடாதக்கா."

"நான் ஏன் சொல்லணும்? நீயே சொல்லு. கயித்த அவுக்காத, அப்படியே வண்டியில ஏறு."

சொல்புத்தியும் கிடையாது சுயபுத்தியும் கிடையாது என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டே ஓட்டினாள்.

கதவைத் திறந்த மனைவி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இடுப்பில் தொங்கிய முழ நீளக் கயிற்றைத்தான் பார்த்தாள்.

"இது என்ன?"

"மண்வாரியோட கட்டியிருந்தேன். தண்ணிக்குள்ள மாட்டிக்கிச்சு. அக்கா அறுத்துட்டா."

"அறுக்கலேன்னா?"

அவள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி மறு கையால் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். நனைந்து இறுகிக் கிடந்தது. பிறகு இரண்டு கையாலும் பார்த்தாள். வரவில்லை.