மூன்றாவது மூட்டை

அப்பாவின் அக்குள்களில் கையைக் கொடுத்துத் தூக்கப் பார்த்தாள் மங்களேஸ்வரி. முடியவில்லை. அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தவாக்கிலேயே போயிருந்தார் ஆவுடைநாயகம். கையில் இன்னும் சணல் கயிறு. இரண்டு மூட்டைகளுக்கு வாய் கட்டியாயிற்று. அவர் சாய்ந்திருந்த மூன்றாவது மட்டும் திறந்து கிடந்தது.

மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மறுபடியும் வைத்துப் பார்த்தாள். தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

மணி ஏழரை. எட்டுக்கெல்லாம் குத்தாலத்து வண்டி வந்துவிடும்.

அழுதால் தெரு கூடும். தெரு கூடினால் இது சாவு விழுந்த துட்டி வீடு. துட்டி வீட்டு அரிசியை யார் தொடுவார்கள்? போன ஐப்பசியில் கீழத்தெருவில் ஒரு சாவு. அந்த வீட்டிலிருந்து வந்த அரிசி என்று தெரிந்ததும் குத்தாலத்துச் சமையல்காரர் மூட்டையோடு மாட்டுக்குக் கொட்டிவிட்டார். மூன்று நாள் பிள்ளைகள் மரச்சீனிக்கிழங்கும் வெந்நீருமாகக் கிடந்தார்கள்.

அருவிக்குப் போகிற பாதையில் ஓர் ஓலைக் கொட்டகை. அதில் நாற்பது பிள்ளைகள். பாதிப்பேர் நோயோடு வந்தவர்கள். மீதிப்பேர் புத்தி கலங்கிவிட்டதென்று அருவித் தண்ணீரில் நனைக்கக் கொண்டுவந்த இளவட்டங்கள். இவர்களுக்காகத் தென்காசியில் ஐந்நூறு வீட்டுப் பெண்கள், தினம் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டுவைப்பார்கள். வியாழனும் வெள்ளியும் ஆவுடைநாயகம் படியேறி வாங்கிவருவார். சனிக்கிழமை வண்டி. பாதி கஞ்சிக்கு, பாதியை விற்று மருந்துக்கு.

கொட்டகை வருவதற்கு முன்பே மங்களேஸ்வரி அங்கே இருந்திருக்கிறாள். சுதந்திரம் வந்த மறு வருஷம், அவளுக்குப் பதினாறு வயது, அம்மா செத்ததும் பேச்சு நின்றுபோயிற்று. பேய் என்றார்கள், வேப்பங்குழையால் அடிக்கச் சொன்னார்கள். அப்பா கேட்கவில்லை. நாற்பது நாள் அருவிக்கரையில் கூடவே வைத்திருந்தார். பக்கத்து மரத்தடியில் ஒரு சின்னப்பெண் ஈரப்பாவாடை நுனியைச் சப்பிக்கொண்டே இருந்தாள். “பசிக்கா?” என்று அவளிடம் கேட்டதுதான் நான்கு மாதம் கழித்து மங்களேஸ்வரி பேசிய முதல் வார்த்தை. ஊர் திரும்பிய அன்றே அப்பா அடுக்களையில் ஒரு பானையைத் தனியே எடுத்து வைத்தார்.

பாயை விரித்து, அவரை மெல்லச் சரித்து, பாயோடு உள்ளறைக்கு இழுத்தாள். சிந்திக் கிடந்த அரிசியில் குதிகால்கள் இரண்டு கோடு போட்டுக்கொண்டு வந்தன. கண்ணை மூடிவிட்டு, மார்பு வரை போர்த்தினாள். கயிற்றை விரல்கள் விடவில்லை. ஒவ்வொன்றாக விரித்து எடுத்தாள்.

“ஏட்டி மங்களம்! மூட்டைய கட்டிட்டாகளா?” எதிர்வீட்டுப் பேராச்சி பானையும் கையுமாக உள்ளே வந்துவிட்டாள். “நேத்து அண்ணாச்சி வந்தப்ப நான் கோயிலுக்குப் போயிட்டேம்லா.”

“இல்லத்தே. இதுல போடுங்க.”

“எங்க அவுகள? ஒரு பிடி கொறஞ்சாலும் வீட்டுக்கு வந்து வக்கீல் மாதிரில்லா கேள்வி கேப்பாக. நேர்லயே சொல்லிட்டுப் போயிருதேன்.”

“படுத்திருக்காக.”

“வண்டி வார நேரத்துலயா? அதிசயமால்லா இருக்கு!” பேராச்சி உள்ளறைப் பக்கம் கழுத்தை நீட்டினாள். “தலகாணி கூட வைக்காம... அண்ணாச்சி! ஓ அண்ணாச்சி!”

“எழுப்பாதீங்க!”

வீடே அதிர்ந்தது. பேராச்சி திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னட்டி இந்த முழி முழிக்க? பழைய கோளாறு திரும்பிட்டா?”

பேய் பிடித்தவள் என்ற அந்தப் பேர் போகப் பத்து வருஷம் ஆகியிருந்தது. இந்த ஆவணியில் ஆய்க்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

“ஆமாத்தே,” என்றாள் மங்களேஸ்வரி. “ராத்திரியெல்லாம் ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பாவும் தூங்கல.”

பேராச்சியின் கை பானையிலேயே நின்றது. பிறகு அவசரமாக அரிசியைக் கவிழ்த்தாள். “முருகா... இங்கனயே இரு. எங்கயும் போயிராத. கோயில்ல திருநீறு வாங்கிட்டு வாரேன்.” படியிறங்கும்போதே யாரையோ கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.

எட்டேகாலுக்கு மாட்டு மணிச் சத்தம் கேட்டது. சாரலில் நனைந்த தலைத்துண்டோடு வண்டிக்காரர் சுடலைமாடன் வந்தார். இரண்டு மூட்டைகளை ஏற்றிவிட்டு மூன்றாவதன் முன்னால் நின்றார்.

“வாய் கட்டலியே தாயி. அய்யா எங்க? அவுக கட்டாம நான் ஏத்துனதே இல்ல.”

“நான் கட்டுதேன்.”

கயிறு வழுக்கியது. மறுபடி சுற்றினாள், அவிழ்ந்தது. சுடலைமாடனின் கண் மூட்டையின் வயிற்றில் நின்றது. ஒரு முதுகு அழுந்திய பள்ளம். அங்கிருந்து தரையில் இரண்டு கோடுகள். கோடுகள் போய் முடிந்த இடத்தில், கதவுக்கு அப்பால், போர்வைக்கு வெளியே இரண்டு பாதங்கள்.

அவர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்.

“கயித்த இங்க குடு தாயி.”

இறுக்கிக் கட்டினார். பள்ளத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். அரிசி சரிந்து நிறைந்தது. தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தவரின் பின்னாலேயே வாசல்வரை வந்தாள்.

“அங்க கேட்டா?”

“என்ன கேப்பாக? வாசல்ல நின்னேன், ஏத்துனேன், வந்தேன். உள்ள என்ன இருந்துச்சுன்னு வண்டிக்காரனுக்கு என்ன தெரியும்?” நுகத்தடியில் கை வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “முக்கு திரும்புத மட்டும் பொறுத்துக்க தாயி. அழுக கேட்டா மாடு மெரளும்.”

மறுபடியும் முந்தானையைக் கடித்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாள். வண்டி தேரடி முக்கில் திரும்பியது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் மணி கேட்டது. பிறகு கேட்கவில்லை. தெருவின் அந்தக் கோடியில் பேராச்சியும் இன்னும் மூன்று பெண்களும் வேகவேகமாக வந்துகொண்டிருந்தார்கள்.

அடுக்களையில் விளக்கெடுக்கப் போனவள் அந்தப் பானையைப் பார்த்தாள். காலையில் குளித்துவிட்டு வந்து அப்பா தன் கையால் போட்ட ஒரு பிடி, மூட்டையில் சேராமல் அடியிலேயே கிடந்தது. இனி இது இந்த வீட்டைத் தாண்டாது. எடுத்துவந்து அவர் தலைமாட்டில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது வாய்க்கரிசிக்கு அரிசி எங்கே என்று கேட்பார்கள்.

வாசலில் கொலுசும் மெட்டியும் கலந்து கேட்டன. பேராச்சி வாழையிலைத் துண்டில் திருநீற்றோடு பக்கத்தில் வந்து குனிந்தாள். அவள் கண்ணில் இவள் முகம் மட்டும்தான் பட்டது.

“வாயில என்னத்தட்டி வச்சிருக்க? எடு. திருநீறு போடுதேன், வாயத் தொற.”

மங்களேஸ்வரி முந்தானையை எடுத்தாள்.